வெடிச் சத்தமும் என் திக்குவாயும்

பாதுகாப்பு வாரத்துக்கு வந்து மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று சுரங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். இப்போது அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள். இப்போதெல்லாம் வெடி வைப்பதற்கு முன் சைரன் ஒலிக்கிறது, ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் எச்சரிக்கிறது, அதன்பின் ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம். "அந்தக் காலத்துல வாயாலேயே கூப்பிட்டீங்களாமே, அதைச் சொல்லுங்கண்ணே" என்றார்கள். ஐந்து நிமிடத்தில் நான் என் பெயரையும் ஊரையும் சொல்லி முடிப்பேன், அதற்குள் அடுத்தவர் மைக்கைப் பிடித்துவிடுவார். எழுதித் தருகிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

எனக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, இப்போதும் இருக்கிறது. 'க'வில் தொடங்குகிற சொல் வந்தால் தொண்டையில் யாரோ கதவைச் சாத்தியது போல ஆகிவிடும். 'ப'வுக்கு உதடு ஒட்டிக்கொள்ளும். என் பெயரோ கலியபெருமாள். பெற்றவர்களுக்கு அது எங்கே தெரியும்?

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்பது சரியான நேரத்துக்கு வராது. வருவதற்குள் அடுத்த பெயருக்குப் போயிருப்பார். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வராதவனாகப் பல நாள் இருந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றேன். எங்கள் தெருவில் எல்லோரும் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். நானும் போனேன். வயலில் நாற்று நடும்போது பேச்சுதான் பொழுதுபோக்கு. என்னால் அதில் சேர முடியவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், அரியலூருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அது ஒரு தனியார் சுரங்கம். பெயர் இங்கே வேண்டாம்.

அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொர்க்கம் கிடைத்துவிட்டது. கல்லில் குழி போடுகிற மிஷின் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதும் கேட்காது. எல்லாம் சைகைதான். மிஷினை நிறுத்து என்றால் உள்ளங்கை. தண்ணீர் என்றால் கட்டைவிரல். மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையைத் தொட்டுக் காட்ட வேண்டும். இரண்டு வருஷம் நான் அங்கே மற்றவர்களைப் போல ஒரு ஆளாக இருந்தேன். என்னோடு மிஷின் பிடித்த முருகேசனுக்கே நான் திக்குவாயன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அதிகம் பேசாத ஆள், அமைதியான குணம் என்று நினைத்திருந்தானாம்.

மிஷின் நின்ற நேரங்களைச் சமாளிக்க எனக்கு வழிகள் இருந்தன. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டேன், அண்ணே, அக்கா, தம்பி போதும். ஒரு சொல் வராது என்பது அது வாய்க்கு வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ரோட்டில் பள்ளத்தைப் பார்த்து ஒதுங்குகிறவன் போல வேறு சொல்லுக்குப் போய்விடுவேன். 'கல்' வராவிட்டால் 'பாறை'; அதுவும் வராவிட்டால் 'அது' என்று கையைக் காட்டுவேன். கடையில் காபி கேட்கமாட்டேன், எனக்குக் காபிதான் பிடிக்கும் என்றாலும் டீதான் குடிப்பேன். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் 'கடைசி' என்பேன். அதுவும் 'க'வில் முட்டிக்கொண்டால் முன்னால் இருக்கிறவரைக் காட்டி, 'அவரு போற எடம்' என்பேன். ஒருமுறை அவர் குன்னத்தில் இறங்கிவிட்டார், நானும் இறங்கினேன். இன்னொன்றும் உண்டு. சொல்லை இழுத்துப் பாட்டாகச் சொன்னால் திக்காது. ஆனால் வெளியில் யார் பாடிக்கொண்டு பேசுவது?

எங்கள் ஃபோர்மேன் பெரியசாமி. வெடி வைப்பது, கல் எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஒல்லியான ஆள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் எனக்குப் பயமாக இருந்தது ஒரே ஒரு பழக்கம். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். மற்றவர்கள் நான் திக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சிரிப்பார்கள், இல்லாவிட்டால் இரக்கப்பட்டு அவர்களே மிச்சத்தைச் சொல்லிவிடுவார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே நிற்பார். என் கழுத்து நரம்பு புடைக்கும், கண் பிதுங்கும், அவர் துடைத்துக்கொண்டிருப்பார். நான் சொல்லி முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி" என்பார். எவ்வளவு நேரம் ஆனாலும் அதே சரிதான். ஆரம்பத்தில் அது சித்திரவதையாக இருந்தது. என்னைப் பார்த்து எரிச்சல் படாத ஒரே ஆள் அவர்தான் என்பது புரிய நாளாயிற்று.

வெடிக்காரராக இருந்தவர் கண்பார்வை மங்கி விலகினார். பெரியசாமி என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு வெடி வேலை பாக்க விருப்பமாப்பா?"

விருப்பம்தான். கூலி கூடுதல், மரியாதை கூடுதல். ஆனால் வெடிக்காரன் வாயால் கூப்பிட வேண்டும். திரி பற்ற வைப்பதற்கு முன்னால் சுரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி எச்சரிக்கை கொடுக்க வேண்டும். கொடி பிடிக்கிறவர்கள் வழியை மறிப்பார்கள், விசில் ஊதுவார்கள். ஆனாலும் வெடிக்காரன் குரல் கேட்டால்தான் ஆட்கள் மறைவிடத்துக்கு ஓடுவார்கள்.

"எ... என்னால கூ... கூ..."

கண்ணாடி கழன்றது. காத்திருந்தார். 'கூப்பிட முடியாது' என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"சரி" என்றார். "முடியாதுன்னா வேணாம். முடியும்னா சொல்லு. ஆனா நீ கூப்புடறதுக்குப் பதிலா இன்னொருத்தனக் கூப்பிடச் சொல்லி நான் நிறுத்த மாட்டேன். திரி யாரு கையில இருக்கோ, குரலும் அவனுதாத்தான் இருக்கணும்."

அன்றிலிருந்து வேலை விட்டதும் ஓடைக்குள் இறங்கிப் போய்க் கத்திப் பார்ப்பேன். 'வெடி' என்று நேராகத் தொடங்கினால் 'வெ' வெட்டிக்கொண்டு நின்றது. முன்னால் ஒரு 'ஓ' போட்டு, மூச்சை விட்டுக்கொண்டே இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. ஓஓஓ வெடியோஓஓ வெடி. கொஞ்சம் ராகமாகத்தான் இருந்தது. முடியும் என்று பெரியசாமியிடம் சொன்னேன். முதல் நாள் சுரங்கத்தில் அப்படிக் கூப்பிட்டபோது கல் சுமக்கிற பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த செல்லம்மா, "தாலாட்டுப் பாடி வெடி வைக்கிறாருடி" என்றாள். ஒரு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. அந்தக் குரல் கேட்டால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுகிற பழக்கம் வந்துவிட்டது. நானும் எனக்கொரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். வெடிக்காக அல்லாமல் அந்தக் குரலை ஒருநாளும் எடுப்பதில்லை. விளையாட்டுக்குக்கூட.

வெடிக்காரனுக்கான உரிமச் சான்று வரும்வரை பெரியசாமி பக்கத்தில் நிற்கத்தான் வெடி வைத்தேன். அந்தச் சான்றுக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. அதற்கு இரண்டு முறை போனேன். முதல் முறை தேர்வு நடத்தியவர் நான் திக்க ஆரம்பித்ததுமே, "பேச்சு வராத ஆளு எப்படிய்யா எச்சரிக்கை குடுப்பே?" என்று எழுப்பிவிட்டார். இரண்டாம் முறை வேறொருவர். அவரும் அதையேதான் கேட்டார், ஆனால் உட்கார வைத்துக் கேட்டார். "கூப்பிட்டுக் காட்டட்டுமா?" என்று சைகையில் கேட்டேன். தலையாட்டினார். அந்தச் சின்ன அறையில் எழுந்து நின்று முழுக்குரலில் கூப்பிட்டேன். பக்கத்து அறையில் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. சான்று வந்தது.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஒரு கெட்டதும் நடக்கவில்லை. பெரியசாமி ஓய்வுபெற்றுப் போனார். உதவி மேனேஜராகச் சுந்தரம் என்று ஒருவர் வந்தார். இளைஞர், படித்தவர், ஓடி ஓடி வேலை செய்வார். என்மேல் அவருக்குப் பிரியம் உண்டு. நான் திக்கினால் சிரமப்படக்கூடாது என்று அவரே சொல்லை எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது. பாதி சொன்னால் போதும், மிச்சத்தை அவர் முடிப்பார், நான் தலையாட்டுவேன்.

இனி நான் சொல்ல வந்தது. எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மதியம்.

காலையிலிருந்தே மேற்கே கறுத்துக் கிடந்தது. மழை இறங்கிவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் சேறாகிவிடும், லாரி மேலே ஏறாது. அதனால் மழைக்கு முன் வெடித்து, கல்லை ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்று அவசரம். லாரிகள் மேலே வரிசையில் நின்றன. நான் எட்டுக் குழிக்கும் மருந்து வைத்து, மரக்கோலால் மண்ணைக் கெட்டித்து, திரியின் நீளத்தைச் சரிபார்த்து, கூப்பிட்டு, பற்ற வைத்துவிட்டு மறைவிடத்துக்கு வந்தேன். தகரமும் தண்டவாளத் துண்டும் வைத்துக் கட்டிய மறைவிடம் அது. சுந்தரம் சாரும் அங்கே இருந்தார்.

வெடிக்கிற சத்தத்தை எண்ணுவது வெடிக்காரனுடைய வேலை. எத்தனை குழியோ அத்தனை சத்தம். எண்ணினேன். ஏழு. காத்திருந்தேன். தூசி எழும்பி அடங்கியது. எட்டாவது வரவில்லை. சில சமயம் இரண்டு குழி ஒன்றாக வெடித்து ஒரே சத்தமாகக் கேட்பது உண்டு. அப்போது அந்தச் சத்தம் கனமாக இருக்கும், தரையில் அது தெரியும். அன்று எதுவும் கனமாக இல்லை. ஒரு குழி வெடிக்காமல் கிடக்கிறது.

சுந்தரம் சார் கையில் விசில். வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எல்லாம் போயிருச்சாய்யா?"

'குறையுது சார், ஒண்ணு குறையுது.' இதுதான் சொல்ல வேண்டியது. 'கு' என்று தொண்டை சாத்திக்கொண்டது. எப்போதும் போலப் பக்கத்துச் சொல்லுக்குத் தாவினேன்.

"இல்ல சார்... கெ... கெ..."

இல்ல சார், கெடக்கு ஒண்ணு. அதுவும் 'க'வில் போய் முட்டியது.

"இல்லியா? பாக்கி ஒண்ணும் இல்ல, அவ்ளோதானே. சரி" என்றார். விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதிவிட்டார்.

நீளமான விசில் என்றால் ஆபத்து நீங்கியது, வரலாம் என்று பொருள். நான் நேரில் போய்ப் பார்த்து வந்த பிறகுதான் அதை ஊத வேண்டும். மழை அவரை அவசரப்படுத்திவிட்டது. எதிர்ச்சரிவிலிருந்து செல்லம்மாவும் மற்ற பெண்களும் கூடையோடு இறங்க ஆரம்பித்தார்கள். பின்னால் கடப்பாரை ஆட்கள். தூசி இன்னும் மிதந்துகொண்டிருந்த அந்த மூலையைப் பார்த்துத்தான் போனார்கள். நல்ல கல் அங்கேதான் சரிந்து கிடந்தது.

நான் வெளியே ஓடினேன். 'கீழ போகாதீங்க.' வரவில்லை. 'நில்லுங்க.' எனக்கு எப்போதும் வருகிற சொல் அது. அதுவும் வெறும் காற்றாக வந்தது. இரண்டு கையையும் ஆட்டினேன். செல்லம்மா பார்த்தாள், சிரித்தாள், அவளும் கையை ஆட்டிவிட்டு நடந்தாள். வரச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். ஓடிப்போய்த் தடுக்கிற தூரம் இல்லை. பின்னால் சுந்தரம் சார், "என்னய்யா? என்னாச்சு?" என்று கேட்கிறார். திரும்பி அவரிடம் சொல்லவும் நேரமில்லை, சொல்லவும் முடியாது. என் வாய் திறந்தே இருக்கிறது, ஒன்றும் வரவில்லை. அந்த நிலைமையை நான் எப்படி எழுதிக் காட்டுவது என்று தெரியவில்லை. நெஞ்சில் இருக்கிற சொல் நாக்கில் இல்லை, எதிரே இருபது பேர் நடந்து போகிறார்கள்.

மூச்சை விட்டேன். ஓ என்று எடுத்தேன்.

ஓஓஓ வெடியோஓஓ வெடி!

அவர்கள் யோசிக்கவில்லை. கூடைகள் உருண்டன. செல்லம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள். கடப்பாரைகளைப் போட்டுவிட்டு ஆட்கள் ஓடினார்கள். மீண்டும் கூப்பிட்டேன். கண்ணுக்குத் தெரிந்த வரை ஒருவரும் இல்லாமல் ஆகும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

சுந்தரம் சார் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். முகம் சிவந்திருந்தது. "பைத்தியமாய்யா ஒனக்கு? வெடியே இல்லாம எதுக்குக் கூப்பிடற? மழ வந்துகிட்டிருக்கு, லாரி நிக்கிது!"

ஒரு விரலைக் காட்டினேன். மூலையைக் காட்டினேன். அவர் என் விரலையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிவப்பு மெல்ல இறங்கியது.

வெடிக்காத குழி என்று சந்தேகம் வந்தால் அரைமணி நேரம் யாரும் கிட்டே போகக்கூடாது. திரி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கலாம். முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. அவர் மனதில், ஒருவேளை எல்லாம் வெடித்திருந்தால் என்று ஓடியிருக்கும். என் மனதிலும் அதுதான் ஓடியது. எண்ணியது தப்பாக இருந்தால் நாளையிலிருந்து என் குரலுக்கு யாரும் ஓடமாட்டார்கள்.

நேரம் முடிந்ததும் நான் மட்டும் போனேன். சரிந்த கல்லை மிதித்து, ஒவ்வொரு குழியின் தடமாகப் பார்த்துக்கொண்டே போனேன். மூலையில், பலகை போன்ற ஒரு கல்லுக்கு அடியில், நான் கெட்டித்த மண் அப்படியே இருந்தது. பக்கத்துக் குழி வெடித்துப் பறந்த கல் திரியை மேலேயே நறுக்கிவிட்டிருந்தது. நறுக்குப்பட்ட இடத்துக்குக் கீழே நெருப்பு இறங்கவே இல்லை. மருந்து முழுசாக உள்ளே. அந்தப் பலகைக் கல்லைத்தான் கடப்பாரையால் முதலில் நெம்பியிருப்பார்கள்.

வைத்த மண்ணைத் தோண்டி எடுக்கக்கூடாது. பக்கத்தில், ஓர் அடிக்குக் குறையாமல், அதே சாய்மானத்தில் இன்னொரு குழி போட்டு, அதை வெடித்து இதையும் சேர்த்து அழிக்க வேண்டும். சாய்மானம் கொஞ்சம் தப்பினாலும் மிஷினின் முனை பழைய மருந்தில் போய்க் குத்தும். முருகேசன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். "காட்டுண்ணே" என்றான், அவ்வளவுதான். நான் எதிரே குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டிக் கோணம் காட்டிக்கொண்டே இருந்தேன். மழை வலுத்தது. வெள்ளைத் தூசி சேறாகி அவன் முகத்தில் வழிந்தது. மிஷினின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் உள்ளங்கையைக் காட்டுவேன், அவன் நிறுத்துவான், இரண்டு பேரும் மூச்சு விடுவோம், மறுபடி தொடங்குவோம். குழி முடிந்ததும் அவன் மிஷினைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனான்.

மருந்து வைத்தேன். கூப்பிட்டேன். பற்ற வைத்தேன். வந்த சத்தம் கனமாக இருந்தது, கால் வழியாக ஏறியது.

அதோடு முடியவில்லை. ஆட்களை விசில் ஊதி இறக்கியது எப்படி என்று மறுவாரம் விசாரணை. சுரங்கத்தின் பெரிய மேனேஜர், ஒரு குமாஸ்தா, சுந்தரம் சார், நான். வெடிக்காரன் சரியாகச் சொல்லவில்லை என்று முடிந்தால் என் சான்று போய்விடும். பழையபடி வயல்வேலைதான்.

"என்ன சொன்னேன்னு சொல்லு" என்றார் பெரிய மேனேஜர்.

நான் தொடங்கியதும் குமாஸ்தா பேனாவை நீட்டினார். நல்ல மனசோடுதான். "எழுதிக் குடுத்துடுய்யா, எதுக்குச் சிரமம்?"

பேனாவை வாங்கவில்லை. எழுதிக் கொடுத்தால், பேச முடியாதவன் என்று நானே ஒப்புக்கொண்டது போலாகும். அதைவிட, வேறு ஒன்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 'குறையுது' வரவில்லை என்று 'இல்ல'வுக்குத் தாவியதுதான் அன்றைக்கு விசில் ஊத வைத்தது. பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கிப் போனவன், இருபது பேரை இழுத்துக்கொண்டு விழப் பார்த்தேன். இனி வேறு சொல் வேண்டாம். அதே சொல்தான்.

"கு... கு... கு..." குமாஸ்தா ஜன்னலைப் பார்த்தார். பெரிய மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் விடவில்லை. "கு... குறையுதுன்னு சொல்ல வந்தேங்க. அது வ... வரல. இல்லன்னு ஆரம்பிச்சேன். கெ... கெடக்குன்னு சொல்லி முடிக்கல."

"இவரு பாக்கி இல்லன்னு சொன்னதா நீங்க சொல்லியிருக்கீங்களே?" என்று பெரிய மேனேஜர் சுந்தரம் சார் பக்கம் திரும்பினார்.

அவர் ஆமாம் என்றிருந்தால் முடிந்தது. அவர் வேலைக்கும் அதுதான் பாதுகாப்பு.

"இல்ல சார். அவரு சொல்லல. அவரு 'இல்ல'ன்னு மட்டுந்தான் சொன்னாரு. பாக்கிய நான்தான் முடிச்சேன். பாத்துட்டு வரச் சொல்லாம ஊதுனதும் நான்தான்."

அவருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் வேறு சுரங்கத்துக்கு மாற்றினார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். என் சான்று என்னிடமே இருந்தது. ஓய்வு பெறும்வரை வெடி வேலைதான் பார்த்தேன்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது சாயங்காலம். என் மனைவிக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. செல்லம்மா சொல்லி, அவள் பதறி அடித்துக்கொண்டு சுரங்கத்துக்கு வந்திருக்கிறாள். ஆபீசுக்குள் விடவில்லை. நான் வேறு வழியாகப் போய்விட்டேன் என்று யாரோ சொல்ல, ரோட்டுக்குப் போய்விட்டாள். நான் கேட்டைத் தாண்டும்போது தூரத்தில் பஸ் வந்து நிற்கிறது, அவள் ஏறப் போகிறாள்.

அவள் பெயர் பவுனாம்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பெயரை நான் சொன்னதே இல்லை. எங்கள் பக்கம் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடாத ஆண்கள் நிறைய, அதனால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. 'இந்தா' என்றால் திரும்புவாள். ரோட்டில் நின்ற கூட்டத்தில் 'இந்தா' என்றால் யார் திரும்புவார்கள்?

"ப... ப... ப... ப..." உதடு ஒட்டியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் சிரித்தான். பார்க்கட்டும், சிரிக்கட்டும். "ப... பவுனு! ப... பவுனாம்பா!"

படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பஸ் போய்விட்டது. கிட்டே வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், முழுசாக இருக்கிறேனா என்று. கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"எம் பேரு இம்புட்டு நீளம்னு எனக்கே இன்னைக்குத்தாங்க தெரியும்" என்றாள்.